பெயர் போடாத இரங்கல்

சென்னை,
ஜூன் 9

அன்புள்ள ராயப்பன் அண்ணனுக்கு,

ஜெயராம் எழுதுவது. நீங்களும் ஆன்மேரியும் நலமா?

துணை அமைச்சர் ஆன பிறகு என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. தொழிலாளர் நலத்துறைக்குத் துணை. ரொம்ப காலமாக யாருக்கும் கொடுக்காத பதவியைத் தூசி தட்டி எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அறை இருக்கிறது, கார் இருக்கிறது, வாசலில் போலீஸ்காரர் சல்யூட் அடிக்கிறார். முடிவெடுக்கிற அதிகாரம் மட்டும் பக்கத்து அறையில் பெரிய அமைச்சரிடம் இருக்கிறது. அவருக்கு வயசாகிவிட்டது. கொஞ்சம் பொறு என்று தலைவர் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதவியேற்புக்குப் பாஸ் அனுப்பியும் நீங்கள் வரவில்லை. போன் செய்தால் ஆன்மேரி எடுத்து, அப்பா குளிக்கிறார் என்கிறாள். ஒரு வாரமாகவா குளிக்கிறீர்கள்? கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். கப்பலூர் சாக்குக் கம்பெனி தீ விபத்தில் நான் எதுவும் செய்யவில்லை என்கிற கோபம். கேஸ் கோர்ட்டில் இருக்கிறது அண்ணே. அங்கே நான் வாயைத் திறந்தால் நாளைக்கே என் நாற்காலியை மடக்கி வைத்துவிடுவார்கள்.

இனி நமக்குள் போன் வேண்டாம். எதைப் பேசினாலும் ரெக்கார்டு ஆகி டிவியில் வந்து நிற்கிறது. போன வாரம்தான் ஒரு எம்.எல்.ஏ. மாட்டினார். என் டிரைவர் ஜெயக்கொடி அடிக்கடி மதுரைக்கு வந்து போகிறான். அவனிடம் கொடுத்தால் என் கைக்கு மட்டும் வரும்.

ஒரு வேலை இருக்கிறது. பீமாராவ் அய்யா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கட்சிக்கு மூத்தவர், சாக்குக் கம்பெனியிலும் பங்குதாரர். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வழக்கம்போல இரங்கலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வோம். அவர் வீட்டில் மைக்கை நீட்டும்போது நான் முழிக்கக் கூடாது. உங்களைத் தவிர வேறு யார் எழுதினாலும் அது என் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.

உங்கள் தம்பி,
ஜெயராம்


கே.கே. நகர், மதுரை,
ஜூன் 14

அன்புள்ள ஜெயராம்,

குளித்து முடித்துவிட்டேன். தலையும் துவட்டியாயிற்று.

உன் கடிதத்தை ஜெயக்கொடி இரண்டு கையாலும் நீட்டினான். உள்ளே வந்து காபி குடி என்றால் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்கிறான். அமைச்சரின் டிரைவர் எங்கேயும் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாயா? முன்பு இந்த வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து தோசை கேட்கிறவன் அவன்.

உன்னை நான் முதலில் பார்த்தது ஒரு இழவு வீட்டில்தான், ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ புதுக் கவுன்சிலர். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய், வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கூட்டம் உன்னைப் பார்க்கிறது, நீ பிணத்தைப் பார்க்கிறாய். பாவமாக இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் சும்மா இருந்திருக்கலாம். பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தேன். நடுவில் நான் இருமியதையும் சேர்த்து நீ இருமினாய். அன்றைக்குப் பிடித்த வேலை, ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை.

மற்றவர்கள் கல்யாண வீட்டுக்குப் போய் ஓட்டு வாங்கினார்கள். நீ துக்க வீடு ஒன்றையும் விட்டதில்லை. தரையில் உட்கார்ந்தாய், பாடையைத் தூக்கினாய், நான் எழுதியதைச் சொல்லி அழுதாய். கவுன்சிலர், தொழிற்சங்கத் தலைவர், எம்.எல்.ஏ., இப்போது துணை அமைச்சர். உன் உயர்வில் பாதி நான் எழுதிய ஒப்பாரி என்று ஆன்மேரி கேலி செய்கிறாள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கோபமும் உண்டு. சாக்குக் கம்பெனியில் தீப்பிடித்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. முத்துத்தாயும் இன்னும் மூன்று பெண்களும் அந்தக் கதவைத் தட்டித் தட்டியே செத்தார்கள். அதற்கு நான் எழுதிக் கொடுத்ததை நீ படித்தபோது மைதானமே அழுதது. எந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றுகூட எழுதியிருந்தேன். "இந்தக் கதவைப் பூட்டச் சொன்னவன் யாராக இருந்தாலும் விடமாட்டேன்" என்றாய். அது என் வரி. ஆனால் சொன்னது நீ. இரண்டு வருஷம் ஆகிறது. முத்துத்தாயின் புருஷன் விருமாண்டி பேரையூரிலிருந்து பஸ் ஏறி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட் வராந்தாவில் நிற்கிறான். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறான். எனக்குத் தலை நிமிரவில்லை.

நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். அன்றைக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் அவன்தானே. வாசலில் வேறு சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டிருந்தார்களாம். பொம்பளைகள் யாரும் அந்தக் கூட்டத்துக்குப் போகக் கூடாது, கதவைப் பூட்டு என்று மேலேயிருந்து ஒரு போன் வந்ததாம். போலீஸிடம் பயந்துபோய் மறைத்துவிட்டான். இப்போது சாட்சிக் கூண்டில் சொல்லப் போகிறான். ஆகஸ்ட் 18 விசாரணை. போன் செய்தது யார் என்று கேட்டேன். "கூண்டுல ஏறித்தான் சார் சொல்லுவேன், அதுக்கு முன்னாடி பெத்த தாய்ட்டகூடச் சொல்ல மாட்டேன்" என்றான். எனக்குப் பீமாராவ் மேல்தான் சந்தேகம். நீ சங்கத் தலைவனாக இருந்தபோது நடந்தது இது. உண்மை வந்தால் உனக்கும்தானே நல்ல பெயர்.

பீமாராவுக்கான வரிகள் இதோ. சந்தேகப்படுகிற ஆளுக்கே எழுத வேண்டியிருக்கிறது, இருந்தாலும் சாகிறவரோடு சண்டை வேண்டாம்:

"கொடியேற்றும்போது எல்லோரும் மேலே பார்ப்போம். கயிற்றின் கீழ்முனையை இழுக்கிற கையை யாரும் பார்ப்பதில்லை. நாற்பது ஆண்டுகள் அந்தக் கையாக இருந்தவர் அய்யா. இன்று கொடி பாதியில் நிற்கிறது, கயிற்றை இழுக்க ஆளில்லாமல்."

"பாதியில் நிற்கிறது" என்ற இடத்தில் ஒரு மூச்சு விடு. அவசரப்படாதே.

ராயப்பன்


சென்னை,
ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

பீமாராவ் அய்யா போய்விட்டார். செய்தியில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் சொன்ன இடத்தில் மூச்சு விட்டேன். தலைவர் என் தோளில் கைவைத்து அழுத்தினார். அத்தனை கேமராவுக்கும் முன்னால். பக்கத்து அறைப் பெரியவருக்கு அன்றைக்கு முகமே சரியில்லை.

கருத்தக்கண்ணன் விஷயம் சந்தோஷம். உண்மை வரட்டும். அவன் என் சங்கத்தில் வளர்ந்த பையன். அவன் பெண்சாதி பிருந்தா கல்யாணத்தில் தாலியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். பார்த்தால் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலை கொடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் சங்கத்து ஆள் ஒருவர். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ஆரம்பத்திலிருந்து நம்மோடு நின்றவர். மனைவி, ஒரே பெண் பிள்ளை, ஏழாம் வகுப்புப் படிக்கிறது. எதிர்பாராத விதமாகப் போய்விட்டார் என்கிற மாதிரி வர வேண்டும். நோய் என்று போட வேண்டாம். பெயருக்கு இடம் விடுங்கள், நான் போட்டுக்கொள்கிறேன். ஆள் இன்னும் இருக்கிறார், ஆனால் தேறமாட்டார். அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை.

நன்றாக எழுதுங்கள். பீமாராவ் அய்யாவுக்கு எழுதியதைவிட நன்றாக இருக்க வேண்டும். அவனை அறிந்தவர்கள் படித்தால் அவனைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஜெயராம்


கே.கே. நகர்,
ஜூலை 4

ஜெயராம்,

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு எழுதும்போது எப்போதும் ஆள் தெரிந்திருக்கும். முகம் தெரியாவிட்டாலும் வீடு தெரியும், தொழில் தெரியும். இந்த முறை நீ சொன்ன நாலு விஷயத்தை வைத்துக்கொண்டு சும்மா ஒரு ஆளைக் கற்பனை செய்தேன். சங்கத்து ஆள் என்றாயா? கம்பெனி வாசல் கூட்டத்தில் மின்சாரம் போய் மைக் நின்றால், மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிற குரல் என்று எழுதினேன். பெண் பிள்ளை என்றாயா? மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் வகுப்புக்குள் போகும்வரை கேட்டில் நிற்கிற அப்பன் என்று எழுதினேன். சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து முதல் உருண்டையைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கிறவன் என்று எழுதினேன். எழுத எழுத ஆள் நன்றாக வந்துகொண்டிருந்தான். எனக்கே திருப்தியாக இருந்தது.

பிறகு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எழுதியிருந்தது கருத்தக்கண்ணனை.

அவன் குரல் அது. கேட்டில் நிற்பது அவன். அவன் பெண் ஏழாம் வகுப்பு, ஆன்மேரி வேலை பார்க்கிற பேரையூர் பள்ளியில்தான் படிக்கிறாள். அவன் சொந்த ஊர் அதுதானே. ஆன்மேரிதான் சொன்னாள், அந்த அப்பா தினமும் கேட்டிலேயே நிற்பார் என்று. நான் யாரையும் கற்பனை செய்யவில்லை. நீ சொன்ன சட்டைக்குள் அவன் கச்சிதமாக வந்து நின்றுகொண்டான்.

நேற்று அவனைப் பார்த்தேன். கல்லு மாதிரி இருக்கிறான். ஒரு தும்மல்கூட இல்லை.

ஜெயராம், நேராகக் கேட்கிறேன். நீ சொல்கிற ஆள் யார்? எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான்? அவனுக்கு என்ன நோய்? நோய் என்று ஏன் போடக் கூடாது? அன்றைக்குக் கதவைப் பூட்டச் சொல்லிப் போன் செய்தது யார் என்று இத்தனை நாள் பீமாராவையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு ஒரு முகம் வருகிறது. அந்த முகத்தை நான் நினைக்கக் கூடாது. ஞாயிறு பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அதே முகம்.

நீ பதில் சொல்லும்வரை இந்த இரங்கலை அனுப்பமாட்டேன்.

ராயப்பன்


சென்னை,
ஜூலை 8

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்தித் திருத்தி உங்களுக்கு எல்லாவற்றிலும் தப்பு கண்டுபிடிக்கிற வியாதி வந்துவிட்டது.

நான் சொன்ன ஆள் தூத்துக்குடிப் பக்கம். பெயரை வெளியே விட வேண்டாம் என்று குடும்பம் சொல்லியிருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நாற்பது வயதும் ஒரு பெண் பிள்ளையும் கருத்தக்கண்ணனுக்கு மட்டும்தான் இருக்கிறதா?

எப்படியானாலும் ஆகஸ்ட் 18க்கு முன்னால் என் கையில் வேண்டும். அதற்குப் பிறகு தேவைப்படாது.

ஆன்மேரி தினமும் ஸ்கூட்டியில் பேரையூர் போய் வருகிறாள் போல. அம்புட்டுத் தூரம் எதற்கு அண்ணே? ஒரு சொல் சொல்லியிருந்தால் மதுரைக்குள்ளேயே மாற்றல் வாங்கிக் கொடுத்திருப்பேனே. ஜெயக்கொடி திருமங்கலம் தாண்டி அவளைப் பார்த்தானாம். பச்சைச் சுடிதார், தனியாகப் போய்க்கொண்டிருந்தாள் என்றான். உங்களுக்கு இருப்பது ஒரு மகள். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயராம்


கே.கே. நகர்,
ஜூலை 19

அன்புள்ள ஜெயராம்,

நீ சொன்னதை நம்புகிறேன். தூத்துக்குடி ஆளாகத்தான் இருக்கும். வயசாகிவிட்டது, எதையாவது நினைத்துக்கொண்டு உன்னைத் தொந்தரவு செய்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். கேட்டில் நிற்கிற அப்பனை எடுத்துவிட்டேன்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இல்லை. ஊரில் இல்லை, அவ்வளவுதான். ஆன்மேரி லீவு போட்டு அவள் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று தெரியாது. மாற்றல் எதுவும் வேண்டாம்.

இனி எழுதச் சொல்லாதே. கண் மங்கிவிட்டது.

ராயப்பன்


சென்னை,
ஆகஸ்ட் 22

அன்புள்ள ராயப்பன் அண்ணனுக்கு,

பக்கத்து அறைப் பெரியவர் ராஜினாமா செய்துவிட்டார். நேற்றிலிருந்து நான் துணை இல்லை. முழு அமைச்சர். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், டிவிக்காரர்கள் முந்திவிட்டார்கள்.

பதினெட்டாம் தேதி கோர்ட்டில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள்தான் போயிருந்தீர்களாமே. கருத்தக்கண்ணன் கூண்டில் ஏறி, போன் செய்து கதவைப் பூட்டச் சொன்னது காலஞ்சென்ற பீமாராவ் அய்யா என்று சொல்லிவிட்டான். அய்யா பதில் சொல்ல வர முடியாது. கேஸ் இனி தானாகப் படுத்துவிடும்.

விசாரணைக்கு முன்பே அவன் என் கே.கே. நகர் வீட்டுக்கு வந்திருந்தான். பிருந்தாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான். உங்கள் தெருவுக்கு அடுத்த தெருதானே, உங்கள் வீட்டைத் தாண்டித்தான் வந்திருப்பான். காலில் விழுந்தான். எழுந்திருடா மாப்ள என்று தூக்கிச் சாப்பிட வைத்தேன். எல்லாம் சொன்னான். நீங்கள் அவன் வீட்டுக்குப் போனது, உன் உயிருக்கு ஆபத்து, ஊரை விட்டுப் போ என்று சொன்னது, அவன் நம்பாமல் சிரித்தது, நீங்கள் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்துக் காட்டியது, எல்லாம். மகளைக் கேட்டில் விட்டு நிற்கிற இடம் வந்ததும் உள்ளேயிருந்து பிருந்தா ஓடி வந்து, அவன் செத்தே போய்விட்ட மாதிரி அவன் மேல் விழுந்து அழுதாளாமே. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம்.

அண்ணே, இத்தனை வருஷம் பழகியும் என்னைக் கொலைகாரன் என்று நினைத்துவிட்டீர்களே. எனக்கு அதுதான் வருத்தம். அவன் உடம்பில் ஒரு கீறல் விழுந்திருக்குமா? விழவிட்டிருப்பேனா?

அவனை மிரட்ட என்னிடம் ஆள் இல்லாமல் இல்லை. போயிருந்தால் என்ன செய்திருப்பான்? முரடன். இன்னும் முறைத்துக்கொண்டு பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருப்பான். அவனிடம் வேறு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. பொய் சொல்லவே தெரியாத ஒருவர். அவன் நல்லதுக்காகவே சொல்கிற ஒருவர். பெயரைச் சொல்லாமல் விட்ட ஜெயராம் ஏழாம் வகுப்புப் பிள்ளையை மட்டும் ஏன் சொன்னான் என்று நீங்கள் யோசிக்கவில்லை. ஆகஸ்ட் பதினெட்டு என்று ஏன் எழுதினான் என்றும் யோசிக்கவில்லை. தூத்துக்குடி என்றெல்லாம் நான் எழுதியது நீங்கள் நம்புவதற்கு இல்லை. நம்பாமல் போக வேண்டும் என்பதற்கு. ஒருவேளை நீங்கள் போகாமல் இருந்துவிடுவீர்களோ என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. உங்களைப் பற்றி அப்படி நினைத்ததற்கு மன்னித்துவிடுங்கள். நல்லவர் என்றால் நல்லவர்தான்.

இந்தக் கடிதத்தை யாரிடம் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை. நான் ஒரு இரங்கல் எழுதித் தரச் சொன்னேன். நீங்கள் எழுதினீர்கள். யாரும் சாகவில்லை.

வரும் 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதுரையில் எனக்குப் பாராட்டு விழா. புறவழிச்சாலை மண்டபத்தில், சாயங்காலம். ஏற்புரை எழுதிக் கொடுங்கள். இரங்கலாகவே எழுதிவிட்டோம், ஒரு தடவை சந்தோஷமாக எழுதுங்கள். ஆன்மேரியை வரச் சொல்லுங்கள், இனி ஒரு பயமும் இல்லை.

உங்கள் தம்பி,
ஜெயராம்


கே.கே. நகர்,
ஆகஸ்ட் 27

ஜெயராம்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு வரியில் நீ பொய் சொல்லியிருப்பாய் என்று தேடினேன். எல்லாமே நடந்ததுதான். நான்தான் போனேன், நான்தான் வாசித்தேன். கருத்தக்கண்ணன் உயிரோடு இருந்தால் போதும் என்று அந்தச் சமயத்தில் ஜெபம்கூடச் சொன்னேன். அவன் உயிரோடு இருக்கிறான்.

வாசித்து முடித்ததும் அவன் என்ன சொன்னான் என்று உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். "அன்னைக்குப் போன் போட்டது அவருதான் சார். நீங்க இம்புட்டு நாளா அவருக்குத்தான எழுதிக் கொடுக்குறீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். தெரியாது என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

கோர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அதை உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கருத்தக்கண்ணன் பீமாராவ் பெயரைச் சொன்னபோது அவனுடைய அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜட்ஜ் அம்மா, சத்தமாகச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். இறங்கி வந்தவன் என்னைத் தாண்டிப் போனான், பார்க்கவில்லை. வராந்தாவில் விருமாண்டி நின்றிருந்தான். அன்றைக்கு அவன் என்னைக் கும்பிடவில்லை.

"கருத்தக்கண்ணன் வீட்டுக்கு நீங்க போனீகளாம்ல சார்."

போனேன் என்றேன்.

"என்னமோ படிச்சுக் காட்டுனீகளாம். அதுக்குப் பெறகுதான் அவன் மாறிட்டானாம். பிருந்தா அழுதுக்கிட்டே சொல்லுச்சு."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் பெண்டாட்டிக்கு அழுது எழுதியதும் நான்தான், அவள் சாவுக்கு இருந்த ஒரே சாட்சியை வாயடைத்ததும் நான்தான். எந்தக் கேள்விக்கும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் என்னை நாலு அறை அறைந்திருந்தால் வீட்டுக்கு வந்து சோறு தின்றிருப்பேன்.

உன் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. அதைப் படித்தபின் வீட்டில் இருக்க முடியவில்லை. பேரையூருக்கு பஸ் ஏறினேன். விருமாண்டி வீட்டு வாசலில் லாரி தார்ப்பாயைப் பரப்பி வைத்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். உட்காருங்க என்று சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களை வாசித்தும் காட்டினேன். அவன் தையலை நிறுத்தவில்லை. முத்துத்தாய்க்கு நான் எழுதி நீ பேசியதைச் சொன்னபோது மட்டும் ஊசி ஒரு கணம் நின்றது. அந்தப் பேச்சை அவன் போனில் வைத்திருக்கிறானாம். முத்துத்தாய் ஞாபகம் வந்தால் போட்டுக் கேட்பானாம்.

முடித்ததும், இதையெல்லாம் கோர்ட்டில் சொன்னால் எடுபடுமா என்று கேட்டான். எனக்குத் தெரிந்த வக்கீலிடம் விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தேன். எடுபடாது, கடிதத்தில் குற்றம் என்று ஒரு வரியும் இல்லை, கருத்தக்கண்ணனும் இனி மாற்றிச் சொல்லமாட்டான் என்றேன்.

"அப்ப கோர்ட்டு முடிஞ்சுபோச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தார்ப்பாயை மடித்து வைத்தான். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அவரு மதுரைக்கு என்னைக்கு சார் வாராரு?"

ஞாயிற்றுக்கிழமை என்றேன். எந்த இடம் என்று கேட்டான். அதையும் சொன்னேன். சொல்லிய பிறகுதான் எதற்குக் கேட்கிறான் என்று எனக்கு உறைத்தது. இல்லை, அப்படிச் சொன்னால் பொய். கேட்டபோதே தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன். போய் வருகிறேன் என்றதற்கு, ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டான்.

ஏற்புரை எழுதவில்லை. நீயே பேசு. கூட்டம் வரும், மாலை போட வரிசையில் நிற்பார்கள், வழக்கம்போல நீ ஒவ்வொருவரிடமும் குனிந்து பேர் கேட்பாய். அதற்குத்தான் உன்னை ஜனங்களுக்குப் பிடிக்கும்.

நீ வராமல் இருக்கலாம். போலீஸிடம் சொல்லி அவனைப் பிடித்து வைக்கலாம், அப்படிச் செய்தால் எதற்குப் பிடித்தாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அல்லது நான் கிழவன் உளறுகிறேன், விருமாண்டி சும்மா கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு வரலாம். அவன் சும்மாகூடக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. ஒரு ஆளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் பழகியிருக்கிறேன். கருத்தக்கண்ணனிடம் போனபோது அவனைக் காப்பாற்றத்தான் போனேன். இதை எதற்காக எழுதுகிறேன் என்று மட்டும் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ராயப்பன்